ஏக்கருக்கு 4 டன் பயோசார் போடச் சொல்கிறார்கள்: கார மண்ணுக்கு இது தேவைதானா?

வைகைக்கரையான்

வணக்கம். மானாமதுரைக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். குண்டு மிளகாய், பருத்தி, கண்மாய் பெருகினால் நெல். களிமண் தன்மை அதிகம். ஈரத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மண் வள அட்டையில் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 8.4 என்றும் அங்ககக் கரிமம் குறைவு என்றும் போட்டிருக்கிறார்கள். இது தவிர, மனைவி வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் செம்மண் புஞ்சை காளையார்கோவில் பக்கம் இருக்கிறது. சரளையும் மணலுமாக இருக்கும், மழை பெய்த மூன்றாம் நாள் ஈரம் இருந்த தடமே தெரியாது. அங்கே பி.எச். 5.8. மானாவாரி நிலக்கடலை போடுகிறோம்.

ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்து பயோசார், அதாவது மண்ணில் போடுவதற்கான கரி, பற்றி விளக்கிவிட்டுப் போனார். ஏக்கருக்கு 4 டன், கிலோ 25 ரூபாய். ஒரு முறை போட்டால் நம் பேரன் காலம் வரை மண்ணில் இருக்கும், உரச் செலவே வராது என்கிறார். கைப்பேசியில் காட்டிய படத்தில் ஒரு பக்கம் இடுப்பளவு மிளகாய்ச் செடி, மறுபக்கம் கணுக்கால் அளவுச் செடி. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஒரு லட்சம் வருகிறது. நிலத்தை ஒத்திக்கு விட்டால்கூட அவ்வளவு வராது.

எங்கள் ஊரைச் சுற்றிச் சீமைக் கருவேலம்தான், நான்கு திசையிலும் கரிமூட்டம்தான். ஆகையால் கரி எங்களுக்கு அதிசயமில்லை. கேட்க வேண்டியது இரண்டு. இந்தக் கரி என் இரண்டு நிலங்களில் எதற்கு உதவும்? விலைக்கு வாங்காமல் நாமே செய்துகொள்ள முடியுமா?

கரித்தோழன்

தாராளமாகச் செய்யுங்கள் அண்ணா. அமேசான் காட்டில் ‘டெர்ரா பிரேட்டா’ என்று சொல்லப்படும் கறுப்பு மண்ணைப் பற்றிப் படித்துப் பாருங்கள். சுற்றிலும் சத்தில்லாத மஞ்சள், சிவப்பு மண். நடுவில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் கறுப்பு மண். பழங்குடி மக்கள் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உண்டாக்கியது. அந்த மக்கள் போய்விட்டார்கள், மண் இன்னமும் விளைகிறது. காரணம் கரி. அக்கம்பக்கத்து மண்ணைவிடப் பல மடங்கு கரி அதில் இருக்கிறது.

கரி மட்கிப் போவதில்லை. சாணமும் தழையும் நம் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் காற்றோடு போய்விடும். கரி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதன் நுண்துளைகளில் நீர் தங்கும், நுண்ணுயிர் தங்கும். எந்த மண் என்றாலும் போடலாம். விலைதான் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்.

ஆய்வுக்கூடத்தான்

> எந்த மண் என்றாலும் போடலாம்.

இந்த வாக்கியம்தான் விவசாயிக்குச் செலவு வைக்கிறது.

அமேசான் மண் கடும் அமில மண். பல இடங்களில் பி.எச். 5-க்கும் கீழே. அந்த நிலையில் அலுமினியம் கரைந்து வேரை எரிக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காது. கரியோடு சாம்பலும் இருக்கிறது. மரக்கரியின் பி.எச். பெரும்பாலும் 8 முதல் 10 வரை. அமில மண்ணில் அதைப் போடும்போது முதலில் நடப்பது சுண்ணாம்பு போட்டதன் விளைவு. பயிர் துள்ளிக்கொண்டு வருவதில் பாதிப் பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தவிர, டெர்ரா பிரேட்டாவில் கரி மட்டும் இல்லை. மீன் முள், விலங்கு எலும்பு, மனிதக் கழிவு, அடுப்புச் சாம்பல், உடைந்த மண்பாண்டம் எல்லாம் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு குடியிருப்பின் குப்பைமேடு அது. எலும்பிலிருந்து வந்த மணிச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கரியின் கணக்கில் எழுதக்கூடாது.

வைகைக்கரையான், உங்கள் கண்மாய் நிலம் 8.4. அதில் கார மண்ணுக்கான தொல்லைகள் ஏற்கெனவே இருக்கும்: துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாது. அங்கே பி.எச். 9 உள்ள பொருளை டன் கணக்கில் கொட்டுவதற்கு நான் ஒப்பமாட்டேன்.

கரித்தோழன்

ஐயா, அனுபவத்தில் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 2017-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைப் பாருங்கள். உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியது. குளிர்நாடுகளில் சராசரியில் எந்தக் கூடுதலும் இல்லை. நாம் வெப்பமண்டலம்தானே?

இன்னொன்று. கானாவில் எஜுரா என்ற ஊரில், கரிமூட்டம் போட்ட இடங்களில் பயிரிட்ட மக்காச்சோளத்தையும் பக்கத்து வயலில் பயிரிட்டதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2004-இல் வெளியானது. மூட்டம் போட்ட இடத்தில் தானிய மகசூல் 91 சதவீதம் கூடுதல். நம் சிவகங்கை, இராமநாதபுரத்து மூட்டக்களங்களில் இதை ஏன் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆய்வுக்கூடத்தான்

அந்தத் தொகுப்பை நானும் படித்திருக்கிறேன். காரணத்தையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வந்த வெப்பமண்டல மண்களில் பெரும்பாலானவை அமிலமும் சத்துக்குறைவும் உள்ளவை. அவற்றுக்குச் சுண்ணாம்பு வேலையும் உர வேலையும் ஒருசேரக் கிடைத்தன. குளிர்நாட்டு வயல்கள் ஏற்கெனவே சுண்ணாம்பும் உரமும் கண்டவை. ஆகவே அந்த 25 சதவீதம் நம் தலைக்கு மேல் நிற்கும் சூரியனைப் பார்த்து வருவதில்லை, மண்ணைப் பார்த்து வருகிறது. மானாமதுரை வெப்பமண்டலத்தில் இருக்கிறது. ஆனால் பி.எச். 8.4 உள்ள களி நிலம் அந்தச் சராசரிக்குள் உட்காராது. அதே ஆளின் காளையார்கோவில் புஞ்சை உட்காரும்.

அந்தச் சோதனைகளில் போட்ட அளவையும் கவனியுங்கள். நடுவான அளவே எக்டருக்கு 15 டன். ஏக்கருக்கு 6 டன். விற்பனையாளர் விலையில் ஒன்றரை லட்சம்.

மூட்டக்களத்தைப் பொறுத்தவரை, அங்கே கரியோடு சாம்பலும் இருக்கிறது, மண்ணும் சூட்டில் வெந்திருக்கிறது. எது எவ்வளவு செய்தது என்று பிரிப்பது கடினம்.

ஒரு திருத்தத்தையும் நானே சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மிரட்டுகிறேன் என்பார்கள். சுண்ணாம்பு கலந்த கார மண்ணின் பி.எச். எளிதில் நகராது. கொஞ்சம் கரி போட்டதால் 8.4 என்பது 9 ஆகிவிடாது. பெரிய கேடு வராது, பெரிய நன்மையும் வராது. ஏக்கருக்கு ஒரு லட்சம் செலவழித்து ‘பெரிய கேடு இல்லை’ என்ற நிலைக்கு எதற்குப் போக வேண்டும்?

மலைத்தோட்டம்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மண் இதற்கு நேர் எதிர். கேரட், முட்டைக்கோஸ் தோட்டத்தில் பி.எச். 4.8, 5 என்றுதான் வரும். முட்டைக்கோஸில் வேர்வீக்க நோய்க்குப் பயந்து, அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் வகையான டாலமைட்டைக் காலங்காலமாகப் போடுகிறோம்.

தைலமரத் தூளும் சில்வர் ஓக் கிளைகளும் சும்மா கிடக்கின்றனவே என்று கரியாக்கிப் போட்டுப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது. பாத்தியின் மண் பொலபொலவென்று வருகிறது, கேரட் நேராக இறங்குகிறது. ஆனால் டாலமைட்டை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரக்கரியின் சுண்ணாம்பு வேலை, அதே எடை டாலமைட் செய்கிற வேலையில் ஒரு சிறு பங்குதான். நாங்கள் டாலமைட்டைக் குறைக்கவே இல்லை.

தேயிலை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கரியை அள்ளிப்போட வேண்டாம். தேயிலைக்கு அமிலம் வேண்டும். 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருந்தால்தான் அது சுகமாக இருக்கும். போட்ட கரியைத் திரும்ப எடுக்க முடியாது. தொழுவுரம் அதிகமானால் இரண்டு வருடம் பொறுத்தால் சரியாகும், கரி அப்படியில்லை. நூறு ஆண்டு நிற்கும் என்று பெருமையாகச் சொல்கிறோமே, தவறான இடத்தில் போட்டாலும் நூறு ஆண்டு நிற்கும்.

மூட்டக்காரர் மகன்

எங்கள் அப்பா, சித்தப்பா எல்லாரும் மூட்டம் போடுகிறவர்கள். நான் படித்துவிட்டு வெளியே வந்துவிட்டாலும் விடுமுறையில் மூட்டத்துக்குக் காவல் இருந்தவன். ஆகவே கரி செய்வது பற்றி மட்டும் சொல்கிறேன், மண்ணைப் பற்றி ஐயா சொல்லட்டும்.

மூட்டத்துக்கு வேண்டியது பருத்த விறகும் தூரும். கருவையை வெட்டி, அடுக்கி, தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண் பூசி மூடித் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை, அது விறகின் ஈரம். பிறகு மஞ்சள் கலந்த புகை, கண்ணைக் கரிக்கும். கடைசியில் புகை மெலிந்து நீலம் தட்டினால் உள்ளே கரியாகிவிட்டது என்று பொருள். அதற்குள் மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். இரவில் எழுந்து எழுந்து பார்ப்பது அதற்காகத்தான். இவ்வளவும் செய்து, காய்ந்த விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரி கிடைத்தால் நல்ல மூட்டம்.

அந்தக் கரி அடுப்புக்கும் தொழிற்சாலைக்கும் போகிறது, அதற்கு விலை உண்டு. அதை வாங்கி மண்ணில் போடுவது வீண். வயலுக்கு உங்களுக்கு வேண்டியது மூட்டக்காரர் வேண்டாம் என்று ஒதுக்குகிற சுள்ளியும் கிளையும். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை. அதைத்தான் வயல் ஓரத்தில் குவித்துச் சும்மா கொளுத்திச் சாம்பலாக்குகிறார்கள்.

அதற்கு மூட்டம் வேண்டாம், குழி போதும். சுவிட்சர்லாந்தில் இத்தாகா நிறுவனத்தார் 2014 வாக்கில் ‘கோன்-டிக்கி’ என்று புனல் வடிவ உலை ஒன்றைச் செய்தார்கள். அதே வடிவத்தை மண்ணில் தோண்டினாலும் வேலை நடக்கும். மேலே ஒன்றரை மீட்டர் அகலம், அடியில் குறுகலாக, ஆழம் 80 சென்டிமீட்டர். அடியில் காய்ந்த சுள்ளியை அடுக்கி மேலிருந்து தீ வையுங்கள். தணல் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரிகிற சுவாலை காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், அடியில் இருக்கும் தணலுக்குக் காற்று போகாது, ஆகவே அது கரியாகவே நிற்கும். இப்படி அடுக்கடுக்காக விளிம்பு வரை. கடைசியில் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும், தண்ணீர் இல்லாத இடத்தில் மண் போட்டு மூடலாம். பாதி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் சாம்பல்தான் இருக்கும்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புகை வந்தால் விறகு ஈரம், அல்லது நீங்கள் அவசரப்பட்டு அதிகமாகப் போடுகிறீர்கள். சரியாகச் செய்தால் புகையே இருக்காது, எங்கள் அப்பா முதலில் நம்பவில்லை. அந்த அளவுக் குழி நிறைந்தால் ஏறத்தாழ 450 லிட்டர். உலர் எடையில் 80 முதல் 100 கிலோ வரும்.

முள்ளுக்குக் கையுறை, கனத்த செருப்பு. பங்குனி, சித்திரைக் காற்றில் காய்ந்த புல் பக்கத்தில் செய்யாதீர்கள்.

வைகைக்கரையான்

தம்பி, மிகவும் நன்றி. இவ்வளவு நாள் வரப்போரம் சுள்ளியைக் கொளுத்திக்கொண்டிருந்தோம். மூட்டக்களத்தில் சலித்து மிஞ்சுகிற கரித்தூள் சும்மாவே கிடக்கிறதே, அதை அள்ளிக்கொண்டு வரலாமா?

மூட்டக்காரர் மகன்

வரலாம் அண்ணா. ஆனால் அதில் பாதி மண்ணும் சாம்பலுமாக இருக்கும், ஒரே சீராக இருக்காது. சரியாக வேகாத கட்டையும் கலந்திருக்கும், கையில் தேய்த்தால் பிசுபிசுப்பும் தார் வாடையும் வரும். அப்படி வந்தால் வேண்டாம். பழைய களத்தில் ஒரு மழைக்காலம் நனைந்து கிடந்த தூள் என்றால் நல்லது. நல்ல கரி கைக்குள் நொறுங்கும், உடைக்கும்போது கண்ணாடிச் சத்தம் வரும், தண்ணீரில் கழுவினால் கறை போய்விடும்.

ஆய்வுக்கூடத்தான்

தார் வாடை பற்றித் தம்பி சொன்னது முக்கியம். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு தட்டில் மண் எடுத்து, ஒன்றில் கரியைப் பத்தில் ஒரு பங்கு கலந்து, இரண்டிலும் வெந்தயமோ பாசிப்பயறோ எண்ணி விதையுங்கள். கரி கலந்த தட்டில் முளைப்பு குறைந்தாலோ வேர் நுனி கறுத்தாலோ அந்தக் கரியை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கரித்தூளை எப்போதும் நனைத்துக் கையாளுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குக் கேடு. கோணிப்பையில் போட்டு நனைத்து மிதித்தாலே போதிய அளவு உடைந்துவிடும்.

நாற்றங்கால்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. எங்களுக்கு கருவை கிடைக்காது, உமி கிடைக்கும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைக் கொதிகலனில் எரிந்து வருகிற உமிச்சாம்பலையே ‘பயோசார்’ என்று விற்கிறார்கள், ஏமாற வேண்டாம். சாம்பலாக வெளுத்தது பெரும்பாலும் சிலிக்கா, கரி அதில் மிச்சமில்லை. கறுப்பாக இருந்தால்தான் கரி.

ஜப்பானில் நாற்றுத் தட்டுக்கு உமிக்கரி போடுவது வெகுகாலப் பழக்கம். ‘குன்டன்’ என்பார்கள். துளையிட்ட தகரக் குழாயை நடுவில் நிறுத்தி, உள்ளே தீ வைத்து, சுற்றிலும் உமியைக் குவித்துவிட்டால் உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டு வரும். மேல்பக்கம் கறுத்தவுடன் கிளறித் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாங்கள் எந்திர நடவுக்கான நாற்றுத் தட்டில் மண்ணோடு இதைக் கலக்கிறோம். தட்டு எடை குறைகிறது, வேர் பின்னிப் பாயாகச் சுருட்ட வருகிறது. எனக்கு இந்த அளவே போதும். நடவு வயலுக்கு எடுத்துப் போகவில்லை.

நடவு வயலில் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உலர்ந்த கரி மிதக்கும். தண்ணீர் கட்டிய வயலில் தூவினால் காற்றடிக்கிற பக்கத்து வரப்பில் போய் ஒதுங்கிவிடும், மடை திறந்தால் பக்கத்து வயல்காரருக்குப் போகும். நன்றாக ஊறவைத்துத் தொழி உழவுக்கு முன் போட வேண்டும்.

வைகைக்கரையான்

ஊறவைப்பது என்றதும் கேட்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் புதுக் கரியை அப்படியே கத்தரிப் பாத்தியில் போட்டார். செடி வெளிறிப்போனது. பிறகு யூரியா போட்டுத்தான் தேற்றினார். இது ஏன்?

ஆய்வுக்கூடத்தான்

வெறும் கரியில் சத்து மிகக் குறைவு, சத்தைப் பிடித்து வைக்கும் இடம் மட்டும் நிறைய. புதிதாகப் போட்டதும் மண்ணிலிருக்கும் அம்மோனியத்தை, அதாவது தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு வடிவத்தை, இழுத்து வைத்துக்கொள்ளும். கரியோடு ஒட்டியிருக்கும் எளிதில் சிதையும் பொருளைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும், அவையும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். முதல் பயிர் பட்டினி. நாளாக நாளாகக் கரியின் மேற்பரப்பு காற்றிலும் மண்ணிலும் பட்டு மாறுகிறது, சத்தைப் பிடித்துவைக்கும் திறன் கூடுகிறது. அந்த முதிர்ச்சியை மாட்டுக்கொட்டகையிலும் எருக்குழியிலும் விரைவாகக் கொண்டுவர முடியும்.

கோமியம் ஓடுகிற வாய்க்காலில் கரியைப் போடுங்கள், அல்லது மாட்டுக்கு அடியில் தூவிச் சாணத்தோடு வாருங்கள். கொட்டகையின் கார நெடி குறைவதை மூக்கே சொல்லும். அந்த நெடி வீணாகப் போகிற தழைச்சத்து. எருக்குழியில் கொள்ளளவுக்குப் பத்தில் ஒரு பங்கு கரி கலந்து, மட்கிய பின் எடுங்கள்.

நேபாளத்தில் 2015-இல் வெளியான ஒரு பூசணிச் சோதனை இருக்கிறது. உங்கள் நிலைக்கு மிகவும் பொருந்தும். அங்கும் ஊர் முழுக்கப் பரவிய அந்நியக் களைச்செடி, அதைக் கோன்-டிக்கி உலையில் கரியாக்கி, பசுவின் கோமியத்தில் ஊறவைத்து, வேர்ப்பகுதியில் மட்டும் போட்டார்கள். எக்டருக்கு வெறும் 750 கிலோ. கோமியம் மட்டும் விட்ட பாத்தியைப்போல நான்கு மடங்கு விளைச்சல். ஊறவைக்காத கரி போட்டதைவிட 85 சதவீதம் கூடுதல். ஒரு பயிர், ஒரு பருவம்தான். எல்லா ஊரிலும் நான்கு மடங்கு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 750 கிலோ என்பது ஏக்கருக்கு 300 கிலோ. உங்களிடம் 4 டன் கேட்டார்கள்.

கரித்தோழன்

இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். வேர்ப்பகுதியில் குறைந்த அளவு என்பதுதான் நம் ஊருக்கு வழி. ஆனால் களிமண்ணுக்கு உதவாது என்பதை மட்டும் ஒப்ப முடியவில்லை. வெடிக்கிற மண்ணில் கரி கலந்தால் வெடிப்பு குறையும், காற்றோட்டம் வரும்.

ஆய்வுக்கூடத்தான்

குறையும், ஆனால் அதற்குக் கையளவு போதாது. களியின் கட்டமைப்பை மாற்ற எக்டருக்குப் பத்து, இருபது டன் என்று போக வேண்டும். அதே வேலையைத் தொழுவுரமும், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரச் செடிகளை மடக்கி உழுவதும் ஓரளவு செய்கின்றன. 8.4 என்பது சுண்ணாம்பால் வந்ததா சோடியத்தால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். மண்கட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டவிட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சோடியம் அதிகம் என்று ஆய்வில் வந்தால் ஜிப்சம் போட வேண்டும். கரி அங்கே பதிலாகாது.

நீர்ப்பிடிப்பு விஷயத்திலும் இதே கதை. மணல் சார்ந்த மண்ணில் கரி நீரைத் தாங்கிக் கொடுக்கிறது. களிமண் தானே போதிய நீரைப் பிடிக்கிறது, அங்கே தெரியும்படி மாற்றம் வராது.

நீரில்லா ஊர்

இடையில் நுழைகிறேன். கரியை மண்ணில் புதைத்தால், கார்பனைக் காற்றுக்குப் போகாமல் நிறுத்தி வைத்ததற்குக் ‘கார்பன் பணம்’ வரும் என்கிறார்களே? 2025 ஜனவரியில் வராஹா என்ற இந்திய நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் ஒரு லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடை நீக்கியதற்கான கணக்கைக் கூகுள் வாங்க ஒப்பந்தம் செய்ததாகப் படித்தேன். அதுவும் குஜராத்தில் சீமைக் கருவேலத்தைக் கரியாக்குகிறார்களாம். நம் ஊர் மரம்!

மூட்டக்காரர் மகன்

அது பெரிய உலை வைத்துச் செய்பவர்களுக்கு. விறகு எங்கிருந்து வந்தது, எவ்வளவு சூட்டில் வெந்தது, கரி எந்த நிலத்தில் போனது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவும் ஆய்வும் கேட்பார்கள். தனி விவசாயி குழியில் நூறு கிலோ செய்து அதில் சேர முடியாது. குழுவாகச் சேர்ந்தால் பார்க்கலாம். யாராவது முன்பணம் கேட்டு ‘கார்பன் திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன்’ என்றால் கதவைச் சாத்துங்கள்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. கருவையை வேரோடு அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்ட காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, இந்த மரத்தை நம்பி மூட்டம் போடுகிற குடும்பங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய உலைகள் வந்தால் விறகு அங்கே போகும். எங்கள் ஆட்கள் வெட்டுக்கூலியாக மட்டும் மிஞ்சுவார்கள்.

நெறியாளர்

கார்பன் வணிகம் பற்றித் தனி இழை திறந்திருக்கிறோம், அங்கே தொடரவும். மூட்டத் தொழிலாளர் பற்றிய இந்தப் பதிவையும் அங்கே நகலெடுத்து வைத்திருக்கிறேன். இங்கே வைகைக்கரையானின் நிலத்துக்குத் திரும்புவோம்.

வைகைக்கரையான்

நான் புரிந்துகொண்டபடி முடிவு செய்திருக்கிறேன். கண்மாய் நிலத்துக்குக் கரி வேண்டாம், அங்கே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கிவிடுகிறேன். காளையார்கோவில் புஞ்சையில் மட்டும் முதலில் கால் ஏக்கர். கொட்டகையில் இரண்டு மாடு, ஒரு கன்று இருக்கின்றன, கோமியத்துக்குக் குறையில்லை. கடலைக்குச் சாலில் போடுவதா, பரப்பில் தூவுவதா?

ஆய்வுக்கூடத்தான்

கடலைக்கு விதைச் சாலின் அடியில். பரப்பில் தூவினால் கால் ஏக்கருக்கு உங்களிடம் இருக்கும் அளவு கண்ணுக்கே தெரியாது. ஓரத்தில் நான்கைந்து குழி எடுத்துப் பூசணியோ முருங்கையோ போடுங்கள், குழிப் பயிருக்குத்தான் இந்தக் குறைந்த அளவு நன்றாக வேலை செய்யும்.

கரி போட்டதால் காய் பிடிக்கும் பருவத்து ஜிப்சத்தை நிறுத்திவிடாதீர்கள். ஏக்கருக்கு 160 கிலோ மண் அணைக்கும்போது வழக்கம்போலப் போட வேண்டும், பொக்குக் காய் அதனால்தான் குறைகிறது. பெண்டிமெத்தலின் போன்ற முளைப்புக்கு முந்திய களைக்கொல்லி அடிப்பவராக இருந்தால், புதுக் கரி அதையும் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைக் குறைக்கும். அந்தத் துண்டில் கைக்களை எடுக்கத் தயாராக இருங்கள்.

எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்பனையாளர் படத்தில் ஒரு பக்கம் கரி, தொழுவுரம், பஞ்சகவ்யம், சொட்டுநீர் எல்லாம் இருந்திருக்கும், மறுபக்கம் ஒன்றும் இருந்திருக்காது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கரி கலந்த எரு ஒரு பட்டை, அதே எடை கரி கலக்காத எரு ஒரு பட்டை. கோமியமும் இரண்டுக்கும் ஒரே அளவு. இப்படி மாற்றி மாற்றி மூன்று இணை போடுங்கள், ஏனென்றால் நிலத்தின் ஒரு மூலை எப்போதும் நன்றாக இருக்கும். காயைத் தனித்தனியாக எடை போடுங்கள். பச்சையாக இருக்கிறது, செழிப்பாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

கரித்தோழன்

முதல் ஆண்டு வித்தியாசம் இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள் அண்ணா. கரி முதிர நேரம் ஆகும். மழை தப்பிய ஆண்டில்தான் அந்தப் பட்டை தனியாகத் தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு.

ஆய்வுக்கூடத்தான்

இதில் கரித்தோழனோடு உடன்படுகிறேன். பட்டைகளின் மூலைகளில் கல் நட்டு வையுங்கள், அடுத்த பருவத்தில் இடம் மாறக்கூடாது.

வைகைக்கரையான்

கல் நட்டுவிடுகிறேன் ஐயா. விற்பனையாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஏக்கருக்கு 2 டன் போதும், விலையும் 18 ரூபாய்க்குத் தருகிறேன் என்று இறங்கி வருகிறார்.

மூட்டக்காரர் மகன்

நாளைக்கு இன்னும் இறங்குவார். நீங்கள் குழியைத் தோண்டுங்கள் அண்ணா.

மாடித்தோட்டக்காரி

தாமதமாகக் கேட்கிறேன், மன்னிக்கவும். சென்னையில் மொட்டை மாடியில் தொட்டிகளில் வெண்டையும் தக்காளியும் வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் அடுப்புக்கரியை நொறுக்கிப் போடலாமா?

மலைத்தோட்டம்

கட்டைக்கரி என்றால் போடலாம் அம்மா. பசை சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டி வேண்டாம், அதில் களியும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். எளிதில் தீப்பிடிக்க எண்ணெய் தடவியதும் வேண்டாம். அரிசி அளவிலிருந்து கடலை அளவு வரை நொறுக்கி, மண்புழு உரத்தில் கலந்து ஈரமாக மூன்று நான்கு வாரம் மூடி வையுங்கள். தொட்டி மண்ணின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை போதும். கறிவேப்பிலைத் தொட்டியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அதற்குப் போட வேண்டாம், அது இரும்புச் சத்துக் குறைவு. சென்னையில் உப்புக் கிணற்று நீர் ஊற்றுகிற தொட்டிகளில் இது அடிக்கடி வரும்.